புண்ணாக்கு வந்த வழியே நூறு கிலோமீட்டர்

கடந்த மழைக்காலத்தில், ஈப்போவுக்குத் தெற்கே கோப்பெங் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்தில் மாடு வளர்க்கும் என் தங்கை சரோஜாவின் இரண்டு கன்றுகள் இரத்தக் கழிச்சலில் செத்தன. சாணத்தைச் சோதித்த கால்நடை அலுவலகம் சால்மொனெல்லா என்ற பாக்டீரியாதான் காரணம் என்றது. கொட்டகை சுத்தமில்லை என்றும் அதிகாரி எழுதிவிட்டார். நாளுக்கு இரண்டு முறை தேய்த்துக் கழுவும் கொட்டகை அது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் படிக்கத் தெரியும். இந்தக் கிருமி உலர்ந்த தீவனத்தில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தீவனத்தை ஏன் சோதிக்கவில்லை என்று கேட்டதற்குச் சிரித்தார்கள்.

மிச்சம் ஐந்து கறவை மாடுகள். பால் வாங்குகிறவர்கள் நின்றுவிட்டார்கள். சனிக்கிழமை இறைச்சி வியாபாரி வந்து மாடுகளை ஏற்றுவதாகப் பேச்சு. அதனால் புதன்கிழமையே கிளம்பினேன்.

ஈப்போவில் நான் குடியிருக்கும் சிலிபினிலிருந்து காலை 6.40க்குப் புறப்பட்டு, இருபது கிலோமீட்டர் ஓட்டி, 7.15க்குத் தோட்டத்தில் இருந்தேன். பால்மரம் என்ற ரப்பர் போய் இப்போது எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. கடைசி இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. மழையில் சிறிய காரை இறக்காதீர்கள்.

"எங்க அண்ணே, இவ்வளவு காலையில?" என்றாள் சரோஜா.

"நீ புண்ணாக்கு வாங்குற கடைக்கு. அழுக்கு அங்கதான் இருக்கு."

"ஜமால் கடையிலயா? என் அடுப்படிய விட சுத்தம் லா அது. போறதுதான் போறீங்க, இந்த ரெண்டு சாக்கையும் நெரப்பிட்டு வாங்க."

தண்ணீரில் கொதிக்கவைத்து உலர்த்திய போத்தலில், அவளிடமிருந்த மூட்டையின் அடியிலிருந்து செம்பனைப் புண்ணாக்கு கொஞ்சம் எடுத்துக்கொண்டேன்.

ஜமால் கடை இருக்கும் ஹுத்தான் மெலிந்தாங் அங்கிருந்து எண்பது கிலோமீட்டர். 9.05க்குச் சேர்ந்தேன். ரொட்டி சானாய், தேநீர் சேர்த்து நாலு ரிங்கிட். ஜமால் கடையில் எலிப்புழுக்கையாவது கிடைக்கும் என்று குனிந்து குனிந்து பார்த்தேன். மூட்டைகள் தரையைத் தொடாமல் பலகைமேல் இருந்தன. சில்லறைப் புண்ணாக்கு மூடிபோட்ட பெட்டியில். பறவை வராமல் வலை.

"என்ன அண்ணே தேடுறீங்க? எலிக்கே இங்க பட்டினி லா," என்றார் ஜமால்.

நிரப்பச் சொல்லி சரோஜாவின் சாக்கைக் கொடுத்தேன். வழக்கமாய் நிரப்பும் பையன் அன்று இல்லை; அவரே வாங்கி உட்புறம் வெளியே திருப்பினார். அடித்தையலில் வெள்ளையாய்ப் பொருக்கு, ஒரு சின்ன இறகு.

"இது கோழி எரு சாக்கு. இதுல தீவனம் போடச் சொன்னது யாரு அண்ணே?"

நான்தான். என் கத்தரிக்காய்ப் பாத்திக்கு வாங்கும் கோழி எரு இந்தச் சாக்குகளில்தான் வரும். கழுவி, வெயிலில் காயவைத்துத் தங்கைக்குக் கொடுப்பேன். நல்ல சாக்கைத் தூக்கி எறிய எங்கள் தோட்டத்து ஆட்களுக்குக் கை வராது. கோழி எருவில் இந்தக் கிருமி இருக்கும் என்பதையும் படித்திருந்தேன். என் சாக்கை மட்டும் அதில் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஜமாலின் பெட்டியிலிருந்து இன்னொரு போத்தல் நிரப்பிக்கொண்டு 12.30க்குக் கோப்பெங் திரும்பினேன். சரோஜாவிடம் மறைக்காமல் சொன்னேன்.

"ரெண்டு கன்னு, அண்ணே," என்றாள். உள்ளங்கைகளை விரித்துக் காட்டி, "தேச்சு தேச்சு கையெல்லாம் புண்ணு. கொட்டகைதான் காரணம்னு நானே நம்பிட்டேன்."

"இனி நம்பாத."

"மாட்ட ஏத்தவா, வேணாமா? அத சொல்லுங்க மொதல்ல."

"ஏத்தாத. தீவனத்த மாத்து. சோதிச்சு எழுத்துல வாங்கித் தாரேன்."

என் முன்னாலேயே வியாபாரிக்குப் போன் போட்டு, "சனிக்கிழமை வர வேணாம்" என்றாள். நான் சொன்னது தப்பென்றால்?

3.10க்கு ஈப்போ கால்நடை அலுவலகம். போத்தல்களை வாங்க மறுத்தார்கள். உட்கார்ந்தேன். 4.20க்கு வாங்கினார்கள். ஒன்பதாம் நாள் முடிவு வந்தது: சாக்குத் தீவனத்தில் கிருமி, கடைத் தீவனத்தில் இல்லை. கொட்டகை பற்றிய வரியை அடித்துவிட்டு என் சாக்கை எழுதச் சொன்னேன். மூன்றாம் முறை போனபோது அந்த வரியை அடித்து மாற்றி எழுதினார்கள்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: பெட்ரோல் நாற்பது ரிங்கிட் வைத்துக்கொள்ளுங்கள். சாணத்தோடு தீவனத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். மூட்டையிலும் எடுங்கள், கடையிலும் எடுங்கள். வேறெதுவும் சுமந்த சாக்கில் தீவனம் போடாதீர்கள், எவ்வளவு கழுவியிருந்தாலும். பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.

ஐந்து மாடும் இருக்கின்றன. சாணம் சுத்தம் என்று எழுத்தில் வந்தபிறகு பால் வாங்குகிறவர்களும் திரும்பிவிட்டார்கள். இப்போது கடையில் புதுச் சாக்கு வாங்கித்தான் கொண்டுபோகிறேன். சரோஜா என்னை வாசலிலேயே நிறுத்திவைத்து, ஒவ்வொன்றாகத் திருப்பி, தையலை விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுகிறாள். நிற்கிறேன்.