சுபிதா நிற்கும் இடம்

கடையில் வாங்கிய சுடிதாரைச் சுபிதா அப்படியே உடுத்துவதில்லை. முதலில் உள்பக்கத்தை வெளியே புரட்டி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, தையல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்ப்பாள். பிறகு கைக்குழிக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குப் பிரித்துவிடுவாள். நல்ல தையலாக இருந்தாலும் பிரிப்பாள். "எப்படித் தச்சிருக்கான்னு தெரியாம எப்படி மேல போட்டுக்கிட்டு நடக்கியது?" என்பாள். பிரித்த இடத்தைத் தன் கையால் மறுபடி மூட்டிய பிறகுதான் அது அவளுடைய உடுப்பு.

மண்டைக்காட்டிலிருந்து குளச்சல் போகும் வழியில், வீட்டின் முன்னறையையே தையல்கடையாக வைத்திருக்கிறாள். பெரும்பாலும் ஜாக்கெட்டுதான். வயது முப்பத்தைந்து இருக்கும். வேலை நேரத்தில் உதட்டின் இடது ஓரத்தில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு வலது ஓரத்தால் பேசுவாள். புதிதாக வருகிறவர்கள் அவள் ஏதோ கோபத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். கோபம் வந்தால் அவள் ஊசிகளை எடுத்து வைத்துவிட்டுத்தான் பேசுவாள் என்பது பழகியவர்களுக்குத் தெரியும். நாடா வைத்து அளவெடுப்பதில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. "மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிண்ணு அளவு தருவிய, பொறவு இறுக்குதுண்ணு வருவிய. நல்லா கெடக்கிய ஜாக்கெட்டு ஒண்ணு கொண்டு வாங்க, போரும்" என்று சொல்லிவிடுவாள்.

கணவன் முருகதாஸ் குவைத்தில் ஏசி பழுது பார்க்கிறான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவான். பிள்ளைகள் இல்லை. வீட்டில் அவளும் மாமியார் சொர்ணம்மாளும் மட்டும். போன தடவை வந்தபோது முருகதாஸ் அவளுக்கு ஒரு போன் கொண்டுவந்தான். கருநீல நிறம், கனமான கண்ணாடி. அணைத்துப் போடும்போதெல்லாம் திரையின் உச்சியில் ஒரு சின்னப் பூட்டுப் படம் தோன்றி மறையும். கொண்டி விலகித் திறந்து கிடக்கும் பூட்டு. அது அந்தக் கம்பெனியின் முத்திரை என்றே அவள் நினைத்திருந்தாள்.

முருகதாஸ் குரல் உயர்த்திப் பேசுகிறவன் அல்லன். தினமும் வேலை முடிந்ததும் கூப்பிடுவான். சாப்பிட்டாயா, அம்மாவுக்குக் கால்வலி எப்படி, மழை உண்டா என்று கேட்பான். போன் வந்த சில வாரங்களில் அந்தக் கேள்விகளோடு வேறு சில கேள்விகளும் சேர்ந்தன. "இண்ணைக்கி குளச்சல்ல ரெம்ப நேரம் நிண்ணியோ?" "கடக்கரையில காத்து எப்படி இருந்துச்சு பிள்ளே?" குளச்சலுக்குப் போனதையோ கடற்கரையில் கால் நனைத்ததையோ அவள் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒருமுறை கேட்டாள். "தோணிச்சு" என்றான்.

மாமியார்தான் சொல்லிக் கொடுக்கிறாள் என்று சுபிதா முடிவு கட்டினாள். சண்டை போடவில்லை. சோறு போட்டு வைத்துவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்துகொள்வாள். சொர்ணம்மாள் ஏதாவது கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் வரும். சொர்ணம்மாளுக்குக் காரணம் புரியவில்லை. மனம் நொந்து, சுசீந்திரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் ஒரு மாசம் போல இருந்துவிட்டு வந்தாள். அந்த மாசத்திலும் முருகதாசுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மார்த்தாண்டத்தில் துணி எடுக்கப் போனது தெரிந்திருந்தது. போனை வீட்டில் வைத்துவிட்டு மண்டைக்காட்டுக் கோயிலுக்குப் போன நாளில், "போன எடுக்காம எங்க போன?" என்று கேட்டான். அன்று மட்டும் அவள் போன இடம் அவனுக்குத் தெரியவில்லை.

அன்று வாயிலிருந்த ஊசிகளை எடுத்து வைத்துவிட்டு அவள் போனைக் கையில் எடுத்தாள்.

போனுக்குள் இருந்த செயலிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பல்சக்கரப் படம் போட்டு, பெயர் சொல்லத் தெரியாத ஒன்று இருந்தது. அவள் இருக்கும் இடத்தை அது ராப்பகலாகக் கேட்டுக்கொண்டிருந்தது. நீக்கு என்ற பட்டன் அதற்கு மட்டும் வெளுத்துக் கிடந்தது, அழுத்தினால் அமுங்கவில்லை. இருப்பதையெல்லாம் அழித்து, போனைப் புதிதாக்கிப் பார்த்தாள். மற்றதெல்லாம் போயிற்று. பல்சக்கரம் மட்டும் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

"இத மேலால ஒட்டல்ல," என்று பக்கத்துத் தெரு பிரிஜாவிடம் சொன்னாள். "லைனிங்குக்க உள்ள வச்சுத் தச்சிருக்கான்."

பிரிஜா ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவள். பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் இன்னும் அவளிடம் இருக்கிறது. பேட்டரி செத்துப்போய், வயர் செருகினால் மட்டும் எழுந்திருக்கும். அவள்தான் ரூட் என்ற சொல்லை முதலில் சொன்னாள். சுபிதா அதை பஸ் ரூட் என்று எடுத்துக்கொண்டு, "எங்க போவிய ரூட்டு?" என்று கேட்டாள். போனை விற்கிறவர்கள் அதன் அடித்தளத்தைப் பூட்டித்தான் விற்கிறார்கள், வாங்கியவருக்குக் கூட அங்கே நுழைய உரிமை இல்லை, அந்த உரிமையைப் பிடுங்கிக்கொள்வதற்குத்தான் ரூட் என்று பெயர் என்பதைப் பிரிஜா தனக்குத் தெரிந்த மட்டில் விளக்கினாள். "ஆனா தப்பாப் போச்சுண்ணா போன் கல்லாயிரும் கேட்டியா. ஒண்ணுக்கும் ஆவாது."

"பிரிச்சாத்தானே மூட்டத் தெரியும்" என்றாள் சுபிதா.

அதன்பிறகு சில வாரங்கள் காஜா எடுக்கும்போதும் கொக்கி வைக்கும்போதும் அவள் பக்கத்தில் வீடியோ ஓடியது. மலையாளத்தில் பேசியவைதான் அவளுக்கு ஒத்துவந்தன. ஒவ்வொரு படியாக நிறுத்தி, அந்த ஆள் சொன்னதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பாள். துணி கொடுக்க வந்தவர்கள் அவள் ஏதோ மந்திரம் படிப்பதாக எண்ணினார்கள். வீடியோவில் சொன்னபடி போனின் விவரப் பக்கத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பத் தட்டியபோது, 'இப்போது நீங்கள் ஒரு டெவலப்பர்' என்று திரையில் எழுத்து வந்தது. உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமியாரிடம், "அத்தே, நான் இப்பம் டெவலப்பராக்கும்" என்றாள். வெகுநாளைக்குப் பிறகு அவளாக வந்து பேசியது அது.

"அப்படிண்ணா என்னது மக்கா?"

"தெரியல்ல. போன் சொல்லுகு."

அன்று சாயங்காலம் காரணத்தையும் சொன்னாள். சொர்ணம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அப்பம் இத்தற நாளும் நீ எனக்க மேல பழி போட்டுக்கிட்டாக்கும் இருந்த" என்றாள். சுபிதா ஆமாம் என்று தலையாட்டினாள். சொர்ணம்மாள் முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "செய்யியத நேரே செய்யி" என்று சொல்லி மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சர்ச்சில் குர்பானைப் பூசை முடிந்து பிரிஜா லேப்டாப்போடு வந்தாள். வெட்டும் மேசையில் துணிகளை ஒதுக்கிவிட்டு இரண்டையும் வயரால் இணைத்தார்கள். முதல் வேலை போனின் அடிப் பூட்டைத் திறப்பது. அதுதான் பெரிய தடை என்று எல்லா வீடியோவும் சொல்லியிருந்தது. பிரிஜா கட்டளையைத் தட்டச்சு செய்து, வந்த பதிலைப் படித்தாள். இன்னொரு தடவையும் படித்தாள்.

"ஏட்டி, இது தொறந்தாக்கும் கெடக்கு. முன்னமே ஆரோ தொறந்திருக்கான்."

சுபிதாவுக்கு அந்தப் பூட்டுப் படத்தின் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. குவைத்தில் எந்தக் கடையிலோ யாரோ இந்தப் போனைத் திறந்து, பல்சக்கரத்தை உள்ளே வைத்து, மேலே அழகாகப் பெட்டி போட்டுக் கட்டிக் கொடுத்திருக்கிறான். பக்கத்தில் முருகதாஸ் நின்றிருப்பான். அவள் பிரிஜாவின் பக்கம் திரும்பினாள். "அடுத்தது என்னது?" என்றாள்.

அடுத்தது, போன் எழுந்திருக்கும்போது முதலில் படிக்கும் கோப்பைத் தரவிறக்கி, அதில் திருத்தம் செய்து, மறுபடி உள்ளே ஏற்றுவது. ஏற்றினார்கள். போன் அணைந்தது. கம்பெனிப் பெயர் வந்தது, அணைந்தது. மறுபடி வந்தது, மறுபடி அணைந்தது. அதற்கு மேல் போகவில்லை. பிரிஜா சிலுவை போட்டுக்கொண்டாள். சுபிதா வயரைப் பிடுங்கி மறுபடி செருகிப் பார்த்தாள். கடைக்கு வருகிறவர்கள் கூப்பிடுவதும் அவள் கணவனோடு பேசுவதும் அந்த ஒரு போனில்தான். அது செத்துப்போனால், செத்த காரணத்தை அவனிடம் சொல்லியாக வேண்டும்.

சொல்ல வேண்டிய நேரம் உடனே வந்தது. உள்ளே சொர்ணம்மாளின் பழைய பட்டன் போன் அடித்தது.

"அவளுக்க போன் என்ன, செத்துக் கெடக்கு? அவ எங்க?" முருகதாசின் குரல் முன்னறை வரை கேட்டது.

சொர்ணம்மாள் போனைக் காதில் வைத்தபடியே வாசல்படியில் வந்து நின்று மருமகளைப் பார்த்தாள். சுபிதா எழுந்து மெஷினில் உட்கார்ந்து, துணி எதுவும் இல்லாமல் வெறுமனே மிதித்தாள். மெஷின் கடகடவென்று ஓடியது.

"சத்தம் கேக்குகா? தச்சுக்கிட்டு இருக்கா. இங்க கரண்டு இல்ல, போன்ல சார்ஜு காணாது. வச்சிருடே" என்றாள் சொர்ணம்மாள். பிறகு மகனிடம் பொய் சொன்ன வாயைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பிழையைக் கண்டுபிடித்தது பிரிஜா. போன் பெட்டியில் அச்சிட்டிருந்த எண்ணும் தரவிறக்கிய கோப்பின் எண்ணும் கடைசி எழுத்தில் வேறுபட்டன. "இது நம்ம நாட்டுப் போனுக்க ஃபைல். உனக்க போன் அங்க உள்ளதாக்கும்." சரியான கோப்பைத் தேடிப் பிடித்து இறக்குவதற்குள் மத்தியானச் சோறு ஆறிப்போனது. முதலில் திருத்தம் எதுவும் செய்யாத கோப்பை ஏற்றினார்கள். போன் உயிர் பெற்றது. பிரிஜா, "போரும், இத்தோட விடு. தப்பிச்சோம்" என்றாள். சுபிதா அந்தக் கோப்பைப் போனுக்குள் திருத்தி மறுபடி வயரைச் செருகினாள். இந்த முறை கட்டளையை அவளே ஓரெழுத்து ஓரெழுத்தாகத் தட்டினாள்.

போன் எழுந்தது. சற்று நேரத்தில் திரையில் ஒரு கேள்வி வந்தது. போனின் உள்ளறைக்குள் நுழைய அனுமதி கேட்கப்படுகிறது, கொடுக்கலாமா, மறுக்கலாமா. சுபிதா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் போன் அவளிடம் முதன்முதலாகக் கேட்ட கேள்வி அது. விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, கொடுக்கலாம் என்பதைத் தொட்டாள்.

நஷ்டமும் இருந்தது. பேங்க் செயலி அன்றோடு திறக்க மறுத்துவிட்டது. ரூட் செய்த போனை அது நம்பாதாம். அதற்காகச் சுபிதா, பிரிஜா வீட்டில் சும்மா கிடந்த கீறல் விழுந்த போன் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டாள். ஆனால் பல்சக்கரத்தின் மேல் கைவைத்தபோது, வெளுத்துக் கிடந்த பட்டன் இப்போது உயிரோடு இருந்தது. தொட்டால் போய்விடும். பிரிஜா தொடச் சொன்னாள். சுபிதா தொடவில்லை. அவள் பார்த்த வீடியோக்களில் வேறொன்றும் சொல்லியிருந்தார்கள்: உள்ளறை கைக்கு வந்துவிட்டால், போன் எங்கே நிற்கிறது என்று சொல்லிக் கொடுப்பதும் நம் விருப்பம்தான்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை முருகதாசுக்கு விடுமுறை. கூட இருப்பவர்கள் வெளியே போய்விடுவார்கள், அவன் மட்டும் அறையில் படுத்திருப்பான் என்பது அவளுக்குத் தெரியும். ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தவள் அதை மடியில் போட்டுவிட்டுப் போனில் வரைபடத்தைத் திறந்தாள். மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் நின்ற புள்ளியை விரலால் அழுத்திப் பிடித்து, கடலுக்கு மேலே இழுத்துக்கொண்டு போனாள். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, குவைத்தின் பர்வானியாவில் அவன் தங்கியிருக்கும் கட்டடத்தின் மேல் புள்ளியை வைத்தாள்.

அரை மணி நேரம் ஆகவில்லை, அழைப்பு வந்தது.

"பிள்ளே, நீ எங்க நிக்க?"

"உங்களுக்குத் தெரியாமலா? பாருங்க."

 அவன் திரையைத் தட்டும் ஓசை கேட்டது. "இதுல எனக்க ரூமில இல்லியா காட்டுகு" என்றான்.

"அப்பம் கதவத் தொறந்து பாருங்க."

சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். சிரிக்கவில்லை. கட்டில் முனகியது. செருப்பு இழுபடும் ஓசை. பிறகு தாழ்ப்பாள் விலகியது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஆரும் இல்ல" என்றான்.

"இங்கயும் ஆரும் இல்ல. அதத்தான் நீங்க தெனமும் பாத்துக்கிட்டு இருந்தது."

கதவை மூடிவிட்டு, "கடையில பத்திரத்துக்குண்ணு சொல்லிப் போட்டுத் தந்தான்" என்றான். கட்டில் மறுபடி முனகியது. "அந்தப் புள்ளி வீட்டுல நிண்ணாத்தான் எனக்கு உறக்கம் வரும் பிள்ளே" என்றான்.

"என்னட்ட கேட்டா நான் சொல்லியிருப்பேனே. கேக்கல்லியே."

அவன் போனை வைக்கவில்லை. சுபிதா போனைக் காதிலிருந்து எடுத்து, பல்சக்கரத்தைத் தேடிப் பிடித்து, நீக்கு என்பதைத் தொட்டாள். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆம் என்றாள். அது இருந்த இடத்தில் வெற்றுக் கட்டம் நின்றது. பிறகு அழைப்புக்குத் திரும்பி, வீடியோ என்ற பட்டனை அழுத்தி, போனை ஜன்னல் கட்டையில் தன் முகத்துக்கு நேராகச் சாய்த்து வைத்துவிட்டு, மடியில் கிடந்த ஜாக்கெட்டை எடுத்து அடுத்த கொக்கியைத் தைக்கத் தொடங்கினாள்.