ஐம்பத்து நான்கு தலை, அறுபத்து மூன்று கதவு: எண்ணூர் ஆற்றங்கரையில் ஒரு ஞாயிறு

இந்தப் பயணத்துக்குக் காரணம் வீம்பு. மறைப்பானேன், நான் அப்படிப்பட்ட ஆள்தான். என் பள்ளித் தோஸ்து ரவி, அமெரிக்காவில் மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே ஒரு கவுண்டியில் வேலை பார்க்கிறான். கவுண்டி என்றால் நம்மூர் தாலுகா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி இணையத்தில் இருக்கும் பக்கத்தைப் பங்குனி மாதம் ஒரு நாள் எனக்கு அனுப்பினான். வரலாறு, புவியியல், மக்கள்தொகை என்று மூன்று பகுதி. எத்தனை சதுர மைல், அதில் தண்ணீர் எவ்வளவு, வீட்டுக்குச் சராசரி எத்தனை பேர், தனியாக வாழும் முதியவர்கள் எத்தனை பேர் என்று தசமப் புள்ளி வைத்து எழுதியிருந்தார்கள். மனிதரைவிட மாடு அதிகமுள்ள ஊர் என்று அவனே சொன்னான். கூடவே ஒரு குத்தல்: “மாமு, உன் எண்ணூர்ல ஒரு குப்பத்துக்காவது இப்டி ஒரு பக்கம் கீதா?”

தேடிப் பார்த்தேன். ஒரு குப்பத்துக்கு இரண்டு வரி இருந்தது. அதில் ஒரு வரி பின்கோடு. எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. நான் கொருக்குப்பேட்டைக்காரன், கூட்ஸ் யார்டு பக்கத்தில் லாரி புக்கிங் ஆபீசில் வேலை. ஞாயிறு ஒரு நாள்தான் நமக்கு. சரி, நாமே போய் எழுதிவிடுவோம் என்று அந்த ஞாயிறே கிளம்பிவிட்டேன். எந்தக் குப்பம் என்று இங்கே எழுதவில்லை. அந்த ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள், ஏன் என்று படித்தால் உங்களுக்கே புரியும்.

கொருக்குப்பேட்டையில் காலை 7.10க்கு ரயில். டிக்கெட் ஐந்து ரூபாய். இன்றைக்கு ஐந்து ரூபாய்க்கு வேறு என்ன கிடைக்கும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு, ஒன்றை விட்டால் பிளாட்பாரத்தில் தவம்தான். எண்ணூர் போய்ச் சேர 25 நிமிடம். ஸ்டேஷனுக்கு வெளியே ஷேர் ஆட்டோ, 20 ரூபாய். எங்கே போகணும் என்று கேட்ட டிரைவர், குப்பத்தின் பெயரைச் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். மீன் வாங்கவா, கட்சி வேலையா என்றார். சும்மா ஊர் பார்க்க என்றேன். மூன்று கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிட்டார், அங்கிருந்து எண்ணூறு மீட்டர் மண் பாதையில் நடை.

முதலில் புவியியல். கிழக்கே கடல், மேற்கே ரயில் பாலம், நடுவில் கொசஸ்தலை ஆறு கடலோடு சேரப் போகிற அகன்ற உப்புத் தண்ணீர். வடக்கே பார்த்தால் வள்ளூர் பக்கத்து அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். தலைக்கு மேலே மின்கம்பிகள் இரைந்துகொண்டே இருக்கும். கரைச் சேற்றை மிதித்தால் செருப்பில் சாம்பல் நிறத்தில் ஒட்டுகிறது. ஆனால் காலை எட்டு மணிக்கு ஆற்றில் பத்துப் பன்னிரண்டு படகு நிற்பதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. ஊர் முழுக்க நடந்து முடிக்க எனக்குப் பதினோரு நிமிடம் ஆனது.

வரலாற்றுக்கு ஊர்த் தலைவர் ஏகாம்பரத்தைப் பார்க்கச் சொன்னார்கள். அறுபது வயது இருக்கும், கோயில் முன்னால் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வந்த விஷயத்தைச் சொன்னதும் சந்தோஷமாகிவிட்டார். ஒரு மணி நேரம் பேசினார். முதல் ஊர் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருந்ததாம், அதைக் கடல் தின்றுவிட்டது. அடுத்த இடம் அனல்மின் நிலைய வேலிக்குள் போய்விட்டது. இது மூன்றாவது இடம். ஒவ்வொரு முறையும் அம்மன் சிலையையும் சீட்டுக் குடத்தையும்தான் முதலில் தூக்கிக்கொண்டு வந்தார்களாம்.

சீட்டுக் குடம் எதற்கு என்று கேட்டேன். ஆற்றில் இறால் படும் நல்ல இடங்கள் கொஞ்சம்தான், எல்லாரும் ஒரே நாளில் வலை போட முடியாது. அதனால் இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள் என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். வருடத்துக்கு ஒரு தடவை பெயர்களைச் சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டு எடுப்பார்கள், வருகிற வரிசைதான் அந்த வருடப் பாடு. சண்டை சச்சரவு கிடையாது. “மூணு வாட்டி ஊரு மாறிச்சு சார், பாடு மாறல” என்றார். நான் போன அன்று பன்னிரண்டு மணிக்குச் சீட்டு எடுக்கிறார்கள். குருட்டு அதிர்ஷ்டம்.

கடைசியாக மக்கள்தொகை கேட்டேன். யோசிக்கவே இல்லை, “அம்பத்தி நாலு” என்றார். நானும் நோட்டில் 54 என்று எழுதி, கீழே கோடு வேறு போட்டுக்கொண்டேன்.

டீக்கடைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. டீ பன்னிரண்டு ரூபாய். அதைக் குடித்து முடிப்பதற்குள் என் முன்னால் கிரிக்கெட் ஆடிய பிள்ளைகளே இருபத்தேழு. கணக்கில் புலி என்று ஆபீசில் பெயர் வாங்கியவன் நான், வெட்கம் பிடுங்கித் தின்றது. பக்கத்தில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து இறாலை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். என் நோட்டை எட்டிப் பார்த்துச் சிரித்தார். அது தலைக்கட்டு என்றார். அதாவது கல்யாணம் ஆன ஆண், ஒரு தலை. ஊர் வரி, கோயில் மரியாதை, பாடு எல்லாம் அந்தக் கணக்கில்தான். ஊர் எவ்வளவு பெரிது என்று கேட்டால் அவர்களுக்கு வாயில் வருகிற எண் அதுதான். “ஆம்பளய மட்டும் எண்ணிகீறாங்க ண்ணா. வா, நான் வூடு வூடா காட்றேன்” என்று கூடையை மூடி வைத்துவிட்டு எழுந்தார்.

அவர் பெயர் தேசம்மா. நாற்பத்து மூன்று வயது. தினமும் இதே தெருக்களில் மீன் விற்கிறவர், அதனால் எந்த வீட்டில் எத்தனை வாய் என்று அவருக்கு அத்துப்படி. இந்த வீட்டில் இரண்டு கூறு மீன் வாங்குவார்கள், ஏழு பேர். அந்த வீட்டில் ஒரு கூறு, ஆனால் மகன் கப்பலுக்குப் போயிருக்கிறான், வந்தால் நாலு பேர் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கதவைத் தட்டிக் கேட்டால் பெரும்பாலும் அவர் சொன்னதே சரி. ஒரு வீட்டில் ஒரு பெண் விரல் விட்டு எண்ணினாள்: வீட்டுக்காரர், மூன்று பிள்ளைகள், மாமியார், ஆக ஐந்து. நான் ஐந்து என்று எழுதினேன். தேசம்மா என் கையைத் தட்டி, “அவ யாரு, அடுத்த வூட்டுக்காரியா? ஆறுன்னு போடு” என்றார். அந்தப் பெண் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். இந்த மாதிரி இன்னும் நாலு வீட்டில் நடந்தது.

பத்தே முக்காலுக்கு எண்ணி முடித்தோம். 63 கதவு, 231 பேர். ஊர்க் கணக்குக்கு ஒன்பது கதவு அதிகமாக வந்தது. அந்த ஒன்பதிலும் புருஷனை இழந்தவர்கள், புருஷன் விட்டுவிட்டுப் போனவர்கள். கடைசிக் கதவு தேசம்மாவுடையது. அங்கேதான் அவர் ஏன் அவ்வளவு ஆர்வமாக என்னை இழுத்துக்கொண்டு திரிந்தார் என்று தெரிந்தது.

அவருடைய புருஷன் போன ஆடியில் இறந்துவிட்டார். அவர் பெயருக்கு விழுந்திருந்த பாட்டைக் கொழுந்தன் துணையோடு வருடக் கடைசி வரை ஓட்டியாகிவிட்டது. இன்றைய சீட்டில் பெயர் வராது. இரண்டும் பெண் பிள்ளைகள். மூத்தவள் மோனிஷா லேப் டெக்னீஷியன் படிப்பில் இரண்டாம் வருடம். சொந்தக்காரர்கள் ஒரு வழி சொன்னார்கள்: அதே ஊரில் ஒரு பையன் இருக்கிறான், மோனிஷாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டோடு வந்துவிட்டால் அவன் தலை இந்த வீட்டுத் தலை. பன்னிரண்டு மணிக்குள் வெற்றிலை பாக்கு மாற்றி நிச்சயம் செய்துவிட்டால் போதும், இன்றைக்கே அவன் பெயரைக் குடத்தில் போடலாம். உள்ளே ஒரு எவர்சில்வர் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம் தயாராக இருந்தது. மோனிஷா அதற்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தைத் திருப்பவே இல்லை.

பையன் நல்ல பையன், குடி கிடையாது என்று தேசம்மாவே சொன்னார். “பையன் மேல ஒரு கொறையும் இல்ல ண்ணா. படிப்ப நிறுத்திட்டா அவ திரும்பப் போமாட்டா. நான் போவல, எங்க அக்காவும் போவல. பாடு இல்லன்னா மட்டும் நான் இன்னா பண்ணுவேன், சொல்லு” என்றார். வீம்புக்கு ஊர் எழுத வந்தவனிடம் இதையெல்லாம் கேட்டால் நான் என்ன சொல்வேன்.

பன்னிரண்டுக்குக் கொட்டகையில் ஆண்கள் கூடினார்கள். பெண்கள் கோயில் சுவரோரம் நிழலில். நான் ஓரமாக நின்றேன், வெளியாள் வாய் திறக்கக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஏகாம்பரம்தான் மரியாதைக்கு என்னைக் கூப்பிட்டு, ஊரை எழுதிவிட்டீர்களா, எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள் என்றார். படித்தேன். மூன்று இடம் மாறியதைப் படித்தபோது தலையாட்டினார்கள். 63 கதவு என்றதும் கூட்டத்தில் ஒருவர் தப்பு, 54 என்றார். தப்பு என்று யாராவது சொன்னால் எனக்கு நாக்கு நிற்காது, இந்தக் குணத்தால் ஆபீசில் பட்ட பாடு கொஞ்சமில்லை. மிச்ச ஒன்பது கதவு யாருடையது என்று பெயர் பெயராகப் படித்துவிட்டேன்.

ஏழாவது பெயர் கன்னியம்மா. ஏகாம்பரம் கையைத் தூக்கி நிறுத்தினார். அது அவருடைய கூடப் பிறந்த அக்கா, அடுத்த கதவு, சாப்பாடு இவர் வீட்டில்தான். அதனால் அக்கா தன் தலையில் சேர்த்தி என்றார். அவர் கெட்டவர் இல்லை, இதை நீங்கள் நம்ப வேண்டும். ஆண் துணை இல்லாத வீட்டில் ஊர் வரி வாங்குவதில்லை, அது எங்கள் அப்பன் பாட்டன் வைத்த தர்மம், அதனால்தான் அந்த வீடுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று விளக்கினார்.

சுவரோரத்திலிருந்து தேசம்மா எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

“வரிய வாங்கிக்க மாமா. தலய எண்ணு.”

ஏகாம்பரம் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். வேண்டாம் என்று அக்கா சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கை அவர் முகத்திலேயே தெரிந்தது.

“இன்னாக்கா, ஒனுக்குமா வேணும்?”

கன்னியம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். காலை மடக்கித் தம்பி பக்கம் திரும்பினார்.

“வேணும்” என்றார்.

அதற்கப்புறம் இருபது நிமிடம் ஒரே கூச்சல், யார் என்ன பேசினார்கள் என்று எனக்குப் புரியவில்லை. என் மீதும் இரண்டு பேர் பாய்ந்தார்கள், எழுத வந்தவன் எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று. நியாயமான கேள்விதான். கடைசியில் ஏகாம்பரம் குடத்தின் மேல் துணியைக் கட்டி, அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். தேசம்மா வீட்டிலிருந்து வெற்றிலைத் தட்டைச் சொந்தக்காரர் ஒருவர் மூடி எடுத்துக்கொண்டு போனார். நான் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். காலை எட்டுக்குள் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும். தண்ணீர் கொண்டுபோங்கள், சேற்றுக்கு ரப்பர் செருப்புதான் சரி. திரும்பும்போது விம்கோ நகர் வரை ஷேர் ஆட்டோ 20 ரூபாய், அங்கிருந்து டோல்கேட்டுக்கு மெட்ரோ 20 ரூபாய். டீ, வழியில் வாங்கிய மோர் எல்லாம் சேர்த்து எனக்கு நூறு ரூபாய்கூடச் செலவாகவில்லை. கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். ஒரு ஊரில் எத்தனை பேர் என்று கேட்கும்போது, யாரை எண்ணினீர்கள் என்றும் சேர்த்துக் கேளுங்கள். நான் ஐம்பத்து நான்கு என்று எழுதிக் கோடு போட்ட நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த டீக்கடையில் உட்காராமல் நேரே ரயில் ஏறியிருந்தால் அதைத்தான் உலகத்துக்குச் சொல்லியிருப்பேன், நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

இதையெல்லாம் எழுதி முடித்து, போடலாமா என்று கேட்பதற்காக, மூன்று வாரம் கழித்து தேசம்மா கொடுத்த எண்ணுக்கு போன் செய்தேன். எடுத்தது மோனிஷா. எழுதுங்கள், ஊர்ப் பெயர் மட்டும் வேண்டாம் என்று நீங்கள் கூப்பிட்டால் சொல்லச் சொல்லி ஏகாம்பரம் மாமா சொல்லியிருக்கிறார் என்றாள். குடத்தில் எத்தனை சீட்டு போட்டார்கள் என்று கேட்டேன். ஐம்பத்தாறு என்றாள். மற்ற ஏழு பேரும் இன்னும் கேட்கவில்லையாம். அம்மாவிடம் கொடு என்றேன்.

“அம்மா சித்தப்பா கூட ஆத்துல கீது சார். இன்னிக்கு எங்க பாடு” என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, “எனுக்கு நாளைக்கு எக்ஸாம். வச்சிடட்டா?”

வைம்மா, படி என்று மட்டும் சொன்னேன்.