தொடாமல் வெட்டும் கத்தி

அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று நான் சொன்னபோது நினைவு மலர்க் குழுவில் நீங்கள் எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தீர்களே, அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் லோயரம்மாவின் படம் போட்டு அஞ்சலி பேனர் கட்டினீர்கள். முன்னாள் அரச சட்டவாதி, முன்னாள் மாகாண சபை உறுப்பினர், எல்லாம் சரி. அதற்குக் கீழே பெரிய எழுத்தில், ‘தொடாமல் வெட்டும் கத்தி எந்தக் கடையில் விற்கிறது என்று நீதிமன்றத்தில் முழங்கிய வீரத் தமிழ்ப்பெண்’ என்று எழுதியிருந்தீர்கள். பஸ்ஸில் இருந்து அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது. முப்பத்தோராம் நாள் மலரிலும் அதே வரி வரப்போகிறதாம். அந்த அம்மா உயிரோடு இருந்தால் தன் கையாலேயே கிழித்துப் போட்டிருப்பார்.

செய்தி எனக்கு வந்தது வெள்ளிக்கிழமை காலையில். என் பூசைச் சாமான் கடையில் உட்கார்ந்து அம்மனுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தேன். கோயில் தலைவர் எனக்குப் போன் எடுத்தார். “அக்கா, நம்ம லோயரம்மா போயிட்டாங்க” என்றார். “எங்க, கொழும்புக்கா? கேஸுக்குப் போயிருப்பாங்க, பொழுதுபட வந்துருவாங்க” என்றேன். “இல்லக்கா, தவறிட்டாங்க” என்றார். பிறகுதான் எனக்கு உறைத்தது. கட்டிய மாலையை அம்மனுக்குக் கொடுப்பதா, அவருக்குக் கொண்டுபோவதா என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அம்மன் மன்னிக்க வேண்டும், அவருக்குத்தான் கொண்டுபோனேன்.

லோயரம்மா, அதாவது திலகவதி அம்மா, யாழ்ப்பாணத்துக்காரர். சட்டமா அதிபர் திணைக்களத்தில் சேர்ந்து, அரசாங்கத்துக்காக வழக்குப் பேச இந்த மலைநாட்டுக்கு வந்தவர். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, வெள்ளைச் சேலையில் அவர் நீதிமன்றப் படி ஏறுவதைப் பார்க்கவே ஒரு கூட்டம் நிற்கும். நம்ம சாதி சனத்தில் ஒரு பொம்பளை இந்த உயரத்துக்கு வந்திருக்கிறாளே என்று எங்களுக்கெல்லாம் பெருமை. அந்தக் காலத்தில்தான் தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் லயத்தில் இருந்த பெருமாள் கங்காணி அண்ணனின் வழக்கு அவர் கைக்கு வந்தது.

தோட்டத்தில் ஒரு தொழிலாளி தேயிலைக் கானுக்குள், அந்த மழைநீர் வாய்க்காலுக்குள், தலையில் காயத்தோடு கிடந்தார். உயிர் தப்பியது, பேச்சு வரவில்லை. அன்று காலையில் அவரோடு வாய்ச்சண்டை போட்டவர் பெருமாள் அண்ணன். கத்தியால் வெட்டியதாக வழக்கு. கடைசியில், சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்டபோது, குற்றவாளிக் கூட்டில் நின்று அண்ணன் சொன்னாராம்: “வெட்டுனது நெசந்தானுங்க. நேரம் பிந்தி வந்தான், வெட்டுனேன். ஆனா சாமி சத்தியமா நான் அவன தொடல்ல.” மொழிபெயர்ப்பாளர் அப்படியே சிங்களத்தில் சொன்னார். அதற்கு மேல்தான் லோயரம்மா எழுந்து, நீதிபதியிடம் சிங்களத்தில் அந்தக் கத்திக் கேள்வியைக் கேட்டார். நீதிமன்றமே சிரித்தது. மறுநாள் பேப்பரில் அது பெரிய எழுத்தில் வந்தது. அண்ணன் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்றும் வந்தது, அவர் சொன்ன சொற்கள் வரவில்லை. மலையில் இருந்த நாங்களும் நம்பினோம். அவர் உள்ளே போனார். அவர் பெஞ்சாதி தண்ணீர்ப் பீலிக்கு வந்தால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள்.

அந்தக் கேள்விதான் லோயரம்மாவை ஊருக்குத் தெரிய வைத்தது. அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டு மாகாண சபைத் தேர்தலுக்குக் கேளுங்கள் என்று கட்சிக்காரர்கள் வீடு தேடி வந்ததும் அதனால்தான். ஓட்டுக் கேட்க ஹந்தானையில் எங்கள் தோட்டத்துக்கு ஏறி வந்தார். எங்கள் லயத்துக் காம்பராவில் கதிரை போட்டு உட்கார வைத்தோம். அப்போது அடுத்த வீட்டு லெட்சுமி அழுதுகொண்டே வந்து, “அம்மா, நேத்து எம் மகள வெட்டிட்டாங்கம்மா” என்றாள்.

லோயரம்மா துள்ளி எழுந்தார். “ஐயோ! ஆர் வெட்டினது? பிள்ளை இப்ப எங்க, ஆஸ்பத்திரியிலயோ?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவ மலைக்குப் போயிருக்காம்மா, கொழுந்தெடுக்க. பேரத்தான் வெட்டிட்டாங்க.”

“என்ன பேர்?”

“நேரஞ் செண்டு, பிந்தி வந்தா அன்னைக்குப் பேரு கெடையாது. கங்காணி வெட்டிருவாரு. கூலி இல்ல, திரும்பி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

“அதை நீங்கள் சும்மா ‘வெட்டினது’ எண்டோ சொல்லுறனீங்கள்? பேர் எண்டு சொல்லாமல்?”

“வேற என்னம்மா சொல்றது? எல்லாருக்கும் வெளங்குமே” என்று லெட்சுமி அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

லோயரம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம், முருகா. பிறகு அவர் மெல்ல, அண்ணன் கூட்டில் நின்று சொன்னதைச் சொல்லுக்குச் சொல் சொன்னார். ‘நேரம் பிந்தி வந்தான், வெட்டுனேன்.’ எங்கள் சிரிப்பு அதோடு நின்றது. லெட்சுமி மட்டும், “அட பாவிகளா” என்றாள். யாரைச் சொன்னாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கட்சி ஆள் காரில் வைத்தே அவரைப் பிடித்துக்கொண்டார். வழிகாட்ட ஏறிய நானும் பின் சீட்டில் இருந்தேன். “மேடம், எலெக்‌ஷன் முடியட்டும். இப்ப வாயத் தொறந்தீங்க, நம்ம கதை முடிஞ்சிரும்.”

“அந்த மனிசன் உள்ளுக்க இருக்கிறார், தம்பி. என்ர எலெக்‌ஷன் முடியும் மட்டும் அவர் அங்க இருக்க வேணுமோ?”

“இத்தன காலம் இருந்துட்டாரு, இன்னும் கொஞ்ச நாள்தானே மேடம்.”

“காரை நிப்பாட்டும்” என்றார். நடுவழியில் இறங்கி, இரண்டு பேரும் பஸ்ஸில் வந்தோம்.

அடுத்த கூட்டம் கட்டுகஸ்தோட்டையில். மைக்கைப் பிடித்து, “நான் கேட்ட ஒரு கேள்விக்கு நீங்கள் கை தட்டினீங்கள். அது பிழையான கேள்வி. தமிழ் தெரியும் எண்ட திமிரிலை கேட்டது” என்று தொடங்கி முழுவதையும் சொன்னார். ஒருவரும் கை தட்டவில்லை. பின்னால் யாரோ, “அப்ப எங்ககிட்ட எதுக்கும்மா ஓட்டுக் கேக்குறீங்க?” என்று கத்தினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “அதுவும் ஞாயமான கேள்விதான்” என்றார். மயிரிழையில் சபைக்குள் போனார், அது வேறு விஷயம். அதற்கு முன்பே மேன்முறையீட்டுக்கு வேண்டிய சத்தியக் கடதாசியைக் கொடுத்துவிட்டார். வழக்கை மறுபடி எடுத்தபோது சாட்சிக் கூட்டிலும் ஏறினார். தான் படிப்பித்து விட்ட இளம் சட்டத்தரணிகள் எதிரே நின்று கேள்வி கேட்க, ‘எனக்கு அந்தச் சொல் விளங்கவில்லை, விளங்கவில்லை என்பதும் விளங்கவில்லை’ என்று சொன்னாராம். அண்ணன் விடுதலையானார்.

அண்ணன் வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நடந்ததை எழுதக் கை வரவில்லை, ஆனால் அதைச் சொல்லாமல் இந்த மலரில் வேறு எதைச் சொல்லியும் பிரயோசனம் இல்லை. அண்ணன் கோபப்படவில்லை. வாங்க என்றார், உட்காரச் சொன்னார். லோயரம்மா உட்காரவில்லை.

“ஏன் ஐயா, பேரை வெட்டினன் எண்டு ஒரு சொல்லுக் கூடச் சொல்லியிருக்கக் கூடாதோ?” என்று கேட்டார்.

“அந்த எடத்துல எல்லாரும் சிங்களம் பேசுறாங்க. நான் ஒங்க நெத்தியத்தான் பாத்தேன்மா. துன்னூறு இருந்துச்சு. நம்ம ஆளு, அவங்களுக்கு வெளங்கிரும்னு இருந்துட்டேன்.”

அதற்குப் பதில் அண்ணன் திட்டியிருக்கலாம். லோயரம்மா, “ஓம்” என்றார். இறங்கி வரும் வழியில் கோயிலடியில் நின்றார். நான் தட்டில் இருந்த திருநீற்றை நீட்டினேன். கையில் வாங்கி, பூசாமல், தாளில் மடித்து வைத்துக்கொண்டார். “பிறகு பூசுறன், பிள்ளை” என்றார். அதன் பிறகு வீட்டிலும் கோயிலிலும் பூசினாரே தவிர, நீதிமன்றத்துக்குப் பூசிக்கொண்டு போனதை நான் பார்க்கவில்லை. ‘அதைப் பார்த்து இன்னொரு சீவன் நம்பிப்போடும்’ என்பார்.

சபையில் அவருக்கு ‘விளங்காதம்மா’ என்று பட்டம் வைத்தார்கள், உங்களுக்குத் தெரியும். யார் எதைச் சொன்னாலும், “எனக்கு விளங்கேல்லை, திருப்பிச் சொல்லுங்கோ” என்பார். ஓர் அதிகாரி, லயத்துக் கூரைகளுக்கு ஆவன செய்யப்படும் என்றாராம். “எனக்கு விளங்கேல்லை. ஆவன எண்டால் தகரமோ, ஓடோ?” என்று கேட்டிருக்கிறார். சபை சிரித்தது, அந்த மனிதர் வியர்த்துப்போய் ஓடு என்று சொல்லிவிட்டார். சொன்னது சொன்னதுதான், எங்கள் மேல் லயத்துக்கு ஓடு வந்தது. சபைக் காலம் முடிந்து மறுபடி கறுப்புக் கோட்டைப் போட்ட பிறகு, தோட்டத்து ஆட்களின் வழக்கை மட்டும்தான் எடுத்தார். எனக்குப் போன் வரும். “பிள்ளை, ‘அரைப்பேர்’ எண்டால் ஆளிலை பாதியோ?” “இல்லம்மா, கூலியில பாதி.” “நல்லாக் கேட்டன்” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடும்.

எனக்குப் படிப்பு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தோடு சரி. வாய் மட்டும் ஓயாது, அது உங்களுக்கே தெரியும். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த ‘எனக்கு விளங்கேல்லை’தான். கடைக்கு வருபவர் எதையாவது சொன்னால், தெரிந்த மாதிரித் தலையாட்ட வரும்போது அவர் குரல் கேட்கிறது. திருப்பிக் கேட்கிறேன். ஆகவே பேனரை எழுதியவர்களையும் நான் ஏசவில்லை. மலரில் அந்த வரி வேண்டாம், அவ்வளவுதான்.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகுதான் நினைவு வருகிறது. லோயரம்மா இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் முதலில் ஒரு பேரைச் சொல்லித்தான் தொடங்குவார், நான் அதை எங்குமே எழுதவில்லை. கானுக்குள் அடிபட்டுக் கிடந்தவர் பேர் ராமையா. ஹந்தானையில் தன் அக்கா வீட்டில் இன்னும் இருக்கிறார், பேச்சு வராது, காது நன்றாகக் கேட்கும். தீபாவளிக்குத் தீபாவளி லோயரம்மா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவார். அம்மா போய்விட்டார் என்று நம்மில் ஒருவரும் இன்னும் அவரிடம் போய்ச் சொல்லவில்லை.