என்ன லோடு?

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் வழியில், ஆமத்தூருக்கு அருகே லாரிகள் இளைப்பாறும் இடத்தில் எங்கள் வாடகைக் கேரவனை நிறுத்துகிறோம். மெத்தை, ஏசி, கழிப்பறை என்று சகல சௌகரியமும் உள்ள வண்டி. கழிப்பறைத் தொட்டிதான் நிரம்பி நாறுகிறது.

டீக்கடைக்கார அக்கா கரண்டியோடு ஓடி வருகிறார். "என்ன லோடு? வெடின்னா அடுப்புப் பக்கம் நிறுத்தாதீக!"

"வெடி இல்லக்கா. கக்கூஸ் தொட்டி நெறஞ்சிருச்சு. எங்க கொட்டலாம்?"

அவர் சென்னை நம்பர் போட்ட எங்கள் வண்டியை மேலும் கீழும் பார்க்கிறார். "சென்னையிலருந்து இம்புட்டுத் தூரம் இதையா சொமந்துக்கிட்டு வாரீக?"

லாரிக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

எதிரே 'நவீனக் கழிப்பிடம்' பளபளக்கிறது. திறந்துவைத்தவர்களின் பெயர்கள் கதவைவிடப் பெரிதாக இருக்கின்றன. கதவில் பூட்டு தொங்குகிறது. அங்கே கொட்டலாமா என்று கேட்கிறேன்.

"அது தொறப்பு விழா அன்னைக்குத் தொறந்ததோட சரி. ஆம்பளையாளுக பாட்டிலத் தூக்கிக்கிட்டுக் கருவேலங்காட்டுக்குப் போயிருவாக. நான் இருட்டுற வரைக்கும் தண்ணியே குடிக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு என் அருகே வந்து குரலைத் தாழ்த்துகிறார்.

"நெறஞ்சிருச்சுன்னீகளே தாயி, இன்னும் ஒரே ஒரு ஆளுக்கு எடம் இருக்குமா?"