மைனி சொல்லாத பதில்

அந்த மாதம் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பன்னாட்டுப் பெண் ஆசிரியர் சங்கத்தின் எங்கள் வட்டாரக் கிளைக்கு நான் தலைவி. ஆரியங்கோட்டில் ஆசிரியைகளுக்குப் பயிற்சி, காரோட்டில் புது உறுப்பினர் சேர்ப்பு, விடிந்தும் விடியாமலும் லேப்டாப்பில் கூட்டம். போதாக்குறைக்கு வெளிநாட்டிலிருந்து சங்க நிர்வாகி ஒருவர் வேறு எங்களைப் பார்க்க வந்தார். பாறசாலை வீட்டில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிவது வாடிக்கையாகிவிட்டது. "காலுல சக்கரம் கெட்டியிருக்காளாக்கும்" என்று முனகிக்கொண்டே கணவர்தான் துடைப்பார்.

உண்மையில் என்னை ஆட்டிவைத்தது சங்கம் இல்லை. பாலராமபுரத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்கு ஏழாம் மாதம். பி.எட். கடைசிப் பரீட்சை குழந்தை பிறந்த பிறகு வரும். அவள் மாமியாரை நான் மைனி என்பேன், அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். போனில் சொல்லிவிட்டாள்: "பச்சப்பிள்ளைய வச்சிக்கிட்டு என்ன பரீட்சை மைனி? பிள்ளை இத்திரி வளரட்டு. பின்ன பாக்கலாம்."

அந்தப் 'பின்ன' வரவே வராது என்று எனக்குத் தெரியும். மேடைக்கு மேடை மைக்கைப் பிடித்து, படிப்பைப் பாதியில் விடாதீர்கள் என்று முழங்குகிறவள் நான். பெண்ணைப் பெற்றவள் சம்பந்தி வீட்டாரை எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவளும் நானே. 'உம்' கொட்டிவிட்டுப் போனை வைத்தேன். எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது.

பலகாரம் கொண்டுபோய் மகளைப் பேறுகாலத்துக்குக் கூட்டிவர மைனி குறித்த நாளும், வெளிநாட்டு விருந்தாளிக்கு அதே பாலராமபுரத்தில் கைத்தறி காட்ட நான் ஒப்புக்கொண்ட நாளும் ஒன்றாக வந்து விழுந்தன. எதையும் மாற்ற வழியில்லை. முந்திரிக்கொத்துப் பாத்திரத்துக்கும் வாழைக்குலைக்கும் நடுவே அந்த அம்மாளைக் காரில் உட்காரவைத்துக் கிளம்பினோம். தறிகளைப் பார்த்த கையோடு சம்பந்தி வீடு.

மகள் பி.எட். படிக்கிறாள் என்று கேட்டதும் விருந்தாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். பரீட்சை எழுதும்போது குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று மைனியைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார். மைனிக்கு ஆங்கிலம் வராது. நான் தமிழில் சொன்னேன்.

மைனி சிரித்தாள். "முதல்ல பிள்ளை நல்லபடி பெறட்டு. படிப்பு எங்க ஓடிப்போவுது?"

விருந்தாளி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ்-மலையாள எல்லையில் பிறந்ததால் எந்தக் கூட்டத்திலும் மொழிபெயர்ப்பு என் தலையில்தான் விழும். ஒரு சொல்லைக்கூட நான் திரித்ததில்லை. அன்று வாய் தானாக ஆங்கிலத்தில் பேசியது: "மருமகள் பரீட்சை எழுதுவாள், குழந்தையை நான் பார்த்துக்கொள்வேன் என்கிறார்."

விருந்தாளி எழுந்துபோய் மைனியைக் கட்டிக்கொண்டார். மைனியையும் என் மகளையும் நிற்கவைத்துப் படமும் எடுத்தார்.

"இவியளுக்கு எதுக்கு மைனி இம்புட்டு சந்தோசம்?" என்று மைனி கூச்சத்தோடு கேட்டாள்.

"உங்கள அவ்வளவு பிடிச்சுப்போச்சு."

ஆங்கிலம் தெரிந்த என் மகள் தரையைப் பார்த்தபடி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். காரில் ஏறியதும் காதோரம், "அம்மா, இது அத்தைக்கு தெரிஞ்சா என்ன செய்வ?" என்றாள்.

தெரியாமல் போகுமா? விருந்தாளி ஊர் திரும்பியதும் சங்கத்தின் செய்திமடலில் அந்தப் படம் வந்தது. மருமகள் பரீட்சை எழுத, குழந்தையைத் தான் பார்த்துக்கொள்வதாக வாக்களித்த மாமியார் என்று கீழே விளக்கம். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? வாட்ஸாப் குழு குழுவாகத் தள்ளிவிட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் யார் என்று பார்த்த பிறகே எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மைனியே கூப்பிட்டாள்.

"பக்கத்து வீட்டு டீச்சர் வாசிச்சு சொன்னா. நான் சொல்லாதத நீங்க சொன்னியளாக்கும், இல்லியா?"

"ஆமா மைனி" என்றேன்.

மைனி தொடர்ந்தாள்: "இன்னைக்கு சர்ச்சில ஆராதனை கழிஞ்சு பெண்ணுங்க எல்லாரும் வந்து எங் கையப் பிடிச்சாவ. இனி நான் மாட்டேன்னு சொல்ல ஒக்குமா? பரீட்சை எப்பளாக்கும்?"

மாதத்தைச் சொன்னேன்.

"பின்ன ஒரு காரியம் உண்டு, மைனி. படத்துக்கு அடியில மாமியார்னு மட்டும் போட்டிருக்காவ. எனக்கு பேரு இல்லியா? அவியளுக்கு எழுதி, எம் பேரப் போடச் சொல்லுங்க."

போனை வைத்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். அந்த மாதத்தில் நான் நிம்மதியாக உட்கார்ந்தது அவள் பெயரைத் தட்டச்சு செய்யத்தான்.