நோயில்லாத எலிகளுக்கும் சோகை

அக்காவின் விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கிய வருடமே அவள் முகமும் வெளிறிப்போனது. மாதக்கணக்கில் இரும்புச்சத்துக் குளிசை விழுங்கியும் இரத்தம் ஏறவில்லை. மூட்டழற்சிக்காரருக்கு இப்படிச் சோகை வருவது வழக்கம் என்றார் கிளினிக் டொக்டர். ஏன் வருகிறது என்பதைத்தான் நான் என் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டேன்.

தினமும் எங்கள் ஊரான இறுப்பிட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் யாழ்ப்பாணத்து ஆய்வுகூடத்துக்குப் போவேன். எலிகளில் பாதிக்கு மூட்டுகளை வீங்கச் செய்யும் ஊசி, மற்றப் பாதிக்கு வெறும் உப்புநீர். வாரம் இருமுறை வாலிலிருந்து இரத்தம் எடுத்துப் பரிசோதித்தேன். நான்காவது வாரம் நோயில்லாத எலிகளுக்கும் சோகை வந்திருந்தது.

என்னை மேற்பார்வை செய்த பேராசிரியை என் குறிப்புகளைப் புரட்டினார்.

"ஒருக்கா எவ்வளவு ரத்தம் எடுத்தனீர்?"

சொன்னேன்.

"எலியின்ர உடம்பில இருக்கிறதே கொஞ்ச ரத்தம். நீர்தான் எடுத்தெடுத்து இதுகளைச் சோகையாக்கிப்போட்டீர்."

"திரும்பச் செய்யிறன், மடம்."

"செய்யலாம். ஆனா இந்த எலியள் வீணாப் போனதுதானே."

அந்தச் சொல் தைத்தது. என் பிழையை மறைக்காமல் எழுதி, நெறிமுறைக் குழுவிடம் மறுபடி அனுமதி கேட்டேன்.

வீட்டில் அக்காவுக்கும் சொன்னேன். அவள் தன் விரல்களைப் பார்த்தபடி கேட்டாள்: "எலியளுக்கு நோகுமோ?"

"ஓம். நோவுக்கு மருந்து குடுக்கிறனாங்கள். எண்டாலும் நோகும்."

"அப்ப இந்தமுறை பிழை விடாமச் செய்."

இம்முறை குறைந்த எலிகள். சொட்டு இரத்தம், அதுவும் இரு வாரத்துக்கு ஒருமுறை. வீங்கிய காலில் எழும்பி நிற்க ஏலாது என்பதால் தீனியைக் கூட்டின் தரையிலேயே வைத்தேன். மாரி மழையில் பஸ் ஓடாது என்று பயந்து நகரத்தில் அறை எடுத்துத் தங்கினேன். ஒரு நாளும் தவறவிடவில்லை.

உப்புநீர் எலிகள் கடைசிவரை நலமாக இருந்தன. மூட்டு வீங்கியவற்றுக்கு மட்டுமே சோகை. ஆய்வின் முடிவில் அவற்றிலிருந்து எடுத்த மண்ணீரலை, இரும்பை நீலமாகக் காட்டும் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். எங்கும் நீலம். இரும்பு அங்கே அடைபட்டுக் கிடந்தது. இரத்தம் உருவாகும் எலும்பு மச்சைக்குப் போதுமான அளவு போய்ச் சேரவில்லை.

"அப்ப என்ர உடம்பிலயும் இரும்பு கிடக்குதோ?" என்றாள் அக்கா.

"கிடக்கலாம். அழற்சி அதை வெளிய விடுகுதில்லை."

கிளினிக்கில் அவளுக்கு மூட்டு மருந்தை மாற்றினார்கள். வீக்கம் வற்ற, இரத்தமும் மெல்ல ஏறியது. அது டொக்டரின் வேலை. என் எலிகளுக்கு அதில் பங்கில்லை. இரும்பை அடைத்து வைப்பது எது என்ற கேள்வியோடு அடுத்த அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.