எல்லாம் கேஸ்தான்

காலையில் உதியன்குளங்கரை சோடாக்கடையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். எங்கள் ஊர்க் கொத்தனார் ராஜையன் அண்ணன் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். சட்டை முழுக்க வியர்வை.

"கேஸ் ஏறிட்டு மக்கா. உப்பு போட்டு ஒரு நாரங்கா சோடா தா" என்றார் கடைக்காரரிடம்.

கேஸ், அதாவது வாயு, என்றதும் கடையே பேச ஆரம்பித்தது.

"எனக்கு நெஞ்செரிச்சலாக்கும் வரும்" என்றார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர். பக்கத்திலிருந்த அக்காவுக்கு வயிறு கல்லுபோல வீங்குமாம். கடைக்காரருக்கு முதுகில் குத்துமாம். எல்லாருக்கும் அது கேஸ்தான்.

"உங்களுக்கு எங்க அண்ணா?" என்று கேட்டேன்.

"தாடையில பிள்ளே. இடது கையும் கடுக்குது."

"ஆஸ்பத்திரிக்குப் போவோம் அண்ணா, ஆட்டோ விளிக்கட்டா?"

"சும்மா இரி. கேஸ் மேல கேறுனதாக்கும்."

எலுமிச்சை சோடாவைக் குடித்தார். பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. "வந்தாச்சு, இனி சரியாவும்" என்று எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

டம்ளரைக் கீழே வைக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. ஆட்டோவில் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மாரடைப்பு என்றார்கள்.

சாயங்காலம் இழவு வீட்டில் கடைக்காரர் நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றார்.

"காலையில இருந்து ஒண்ணும் திங்கல்ல. கேஸாக்கும்."

ஒருவர் சோடா வாங்க ஓடினார். நான் ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

உங்களுக்குக் கேஸ் எங்கே வரும்? கமெண்டில் சொல்லுங்கள். தாடையில் என்றால் எனக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.